உத்திரமேரூர் ஒத்திகை

“உனக்கு எங்கே இருந்தாலும் ஒண்ணுதானே?”

அந்த வருடம் இதை என்னிடம் சொல்லாத வாய் கிடையாது. முதலில் சொன்னவன் என் கணவன் பரணி. அப்புறம் அவன் அக்கா சொன்னாள். எதிர் வீட்டுக்காரர் சொன்னார். காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்ட வந்த ஊழியர் என்னை அதற்கு முன் பார்த்ததே கிடையாது. மடிக்கணினியும் கையுமாக நான் கதவைத் திறந்ததைப் பார்த்துவிட்டு அவரும், “வீட்லயிருந்தே வேலையா மேடம்? அப்போ உங்களுக்கு என்ன, எங்க வேணா போலாம்” என்றார். பசையைத் தடவிக்கொண்டே எனக்கு ஆறுதல் சொல்கிறாராம்.

எங்கள் குடியிருப்பு வேளச்சேரிக்குத் தெற்கே, ஒரு காலத்தில் சதுப்பு நிலமாக இருந்த இடத்தில் நின்றது. ஒவ்வொரு ஐப்பசிக்கும் தண்ணீர் இன்னும் ஒரு படி மேலே ஏறியது. கடைசியில் கட்டடத்தையே மூடிவிடுவது என்று முடிவாயிற்று. அடுத்த மழைக்கு முன் எல்லோரும் கிளம்ப வேண்டும். நகரத்துக்குள் மிச்சமிருந்த மேட்டு நிலத்தில் வீடு என்பது நினைத்துப் பார்க்கக்கூடிய காரியமில்லை. ஆனால் வட்ட ரயில் வந்திருந்தது. சென்னையைச் சுற்றியிருக்கிற சின்னச் சின்ன ஊர்களையெல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து சேர்க்கிற அதிவேக ரயில். அதனால் பாதி நகரம் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் பார்க்கக் கிளம்பியது. நாங்களும் கிளம்பினோம்.

பரணிக்குக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வேலை. குழாயில் அழுத்தம் ஏறினால் ஆள் நேரில் நின்று பார்த்தால்தான் உண்டு. எனக்கு, இயந்திரங்கள் செய்யும் மொழிபெயர்ப்பைத் திருத்துகிற வேலை. மருந்துப் பெட்டிக்குள் வைக்கிற குறிப்பை இயந்திரம் தமிழில் எழுதும். சாப்பிடும் முன் விழுங்க வேண்டிய மாத்திரையைச் சாப்பாட்டுக்கு எதிரில் வைத்து விழுங்கச் சொல்லும். நான் திருத்துவேன். நாள் முழுக்க அடுத்தவர் தப்பைத் திருத்துகிறவளுக்கு வாய் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பரணியோடு நான் சண்டை போடாத நாள் கிடையாது. குளித்துவிட்டு ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவதில் ஆரம்பித்து அவன் அக்கா கல்யாணம் வரைக்கும் போவோம். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. இருபது வருடமாக எங்கள் வீட்டில் பேச்சு என்றாலே அதுதான். எங்கள் மகள் இதழ் கல்லூரி விடுதிக்குப் போகும்போது, “நான் இல்லைன்னு சண்டை போடறதை விட்டுடாதீங்க, வீடு வீடாவே இருக்காது” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பரணி சுவரில் ஒரு வரைபடத்தை ஒட்டினான். ஆலை இருக்கும் இடத்தில் காம்பஸ் ஊசியைக் குத்தி, சிவப்பில் ஒரு வட்டம் போட்டான்.

“இதுக்குள்ள எந்த ஊரு வேணும்னாலும் சொல்லு. உன் இஷ்டம்தான்” என்றான்.

அவன் பெருந்தன்மையாகத்தான் சொன்னான், அதுதான் எரிச்சல். ஊசி குத்திய இடத்தில் அவன் வேலை. வட்டத்துக்குள் எங்கேயோ ஒரு மூலையில் நான். அந்த ஊரில் அவன் தூங்கத்தான் போகிறான். காலையில் பால்காரரில் ஆரம்பித்து சாயங்காலம் கொசு வரைக்கும் அந்த ஊரோடு குடித்தனம் நடத்தப்போகிறவள் நான். இதை அவனிடம் சொன்னேன். அதனால்தானே உன்னைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன் என்றான். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவன் காதுக்குள் போகவில்லை என்பது புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராகப் போனோம். சோளிங்கரில் ஒரு குரங்கு என் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு போய் மதில்மேல் உட்கார்ந்து, என் கண்ணாடியை மாட்டிப் பார்த்தது. வந்தவாசியில் வீடு விசாலமாக இருந்தது. கீழ்த்தளத்தில் கோரைப்பாய்க் கிடங்கு, மேலே எங்களுக்கு. வெயில் மட்டும் தனி வாடகை இல்லாமல் கூடவே குடியிருந்தது. வீட்டுக்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, சாருக்கு வேலை வெளியூரிலா, அப்படியென்றால் பகலெல்லாம் நீங்கள் தனியாகவா என்று இரக்கப்பட்டார். உத்திரமேரூரில் வீட்டைக் குறை சொல்ல முடியவில்லை. ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. கோயில் சுவரில் இருந்த கல்வெட்டைப் பார்த்துவிட்டுப் பரணி, ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இந்த ஊரில் குடத்துக்குள் ஓலையைப் போட்டுத்தான் ஆளைத் தேர்ந்தெடுத்தார்களாம், நாமும் மூன்று ஊர் பெயரை எழுதிப் போட்டு ஒன்றை எடுத்துவிடலாமா என்றான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எல்லா ஊரிலும் அவனுக்கு ஒரே வேலைதான் இருந்தது. வீட்டு வாசலிலிருந்து ரயில் நிலையம் வரைக்கும் போனில் நேரம் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடப்பான். நான் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அவன் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்து, “அருமையான வீடு” என்பான். வீட்டுக்குள் எத்தனை அறை என்று கேட்டால் தெரியாது.

கடைசியில் எனக்கே அலுத்துப்போய், ‘ஊர்த்துணை’ என்ற நிறுவனத்துக்குப் போனோம். அங்கே எங்களிடம் பேசியவர் ஜோயல். வழுக்கை விழ ஆரம்பித்திருந்த, சாந்தமான மனிதர். நான் எவ்வளவு சிடுசிடுத்தாலும் அவர் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை.

“ஊரைப் பாத்துட்டு முடிவு பண்றதுதான் எல்லாரும் செய்யற தப்பு மேடம். வாழ்ந்து பாத்துட்டு முடிவு பண்ணணும்” என்றார்.

“மூணு ஊர்லயும் எப்படி வாழ்ந்து பாக்கறது?”

“நீங்க வாழ வேண்டாம். உங்க ஒத்திகை வாழும்.”

நாங்கள் போனில் பேசியது, தூங்கியது, நடந்தது, வாங்கியது, திட்டியது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, எங்களைப் போலவே ஒரு நறுமுகையையும் ஒரு பரணியையும் இயந்திரம் உருவாக்கும். அந்த ஊரையும் அதன் தண்ணீர், வெயில், ரயில் நேரத்தோடு அப்படியே உருவாக்கி, இருவரையும் அங்கே குடிவைக்கும். இங்கே ஒரு ராத்திரி ஓடினால் அங்கே நான்கு வருடம் ஓடியிருக்கும். அப்புறம் நாம் அவர்களுக்குப் போன் போட்டு, ஊர் எப்படி என்று கேட்டுக்கொள்ளலாம்.

“அவங்களுக்குத் தெரியுமா, அவங்க ஒத்திகைன்னு?” என்று கேட்டேன்.

“இன்னிக்கு நீங்க கையெழுத்துப் போடற வரைக்கும் உள்ள ஞாபகமெல்லாம் அவங்களுக்கும் இருக்கும் மேடம். அப்புறம் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்துட்டோம்னு நம்பிக்கிட்டு இருப்பாங்க. உங்க போன் வரும்போதுதான் தெரியும்.”

“தெரிஞ்சா என்ன செய்வாங்க?”

“அது அவங்கவங்க சுபாவம்.”

இரண்டு நிபந்தனை சொன்னார். அவரவர் ஒத்திகையோடு அவரவர்தான் பேசலாம். கணவன் மனைவியாகவே இருந்தாலும் அடுத்தவர் ஒத்திகையிடம் பேசக் கூடாது, அது அந்தரங்கம். இன்னொன்று, எந்த ஊரைத் தேர்ந்தெடுக்கிறோமோ அந்த ஒத்திகை மட்டும் நம்முடைய வேகத்திலேயே தொடர்ந்து ஓடும். நம்மைவிட நான்கு வருடம் முன்னால் இருக்கும் என்பதால், சாக்கடை எப்போது அடைக்கும் என்பது வரைக்கும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். மற்ற இரண்டையும் நிறுத்திவிடுவார்கள். நிறுத்துவது என்றால் என்ன என்று கேட்டேன். மின்விசிறியை நிறுத்துகிற மாதிரி விரலை ஆட்டிக் காட்டினார்.

மறுநாள் எங்களை ஆளுக்கொரு அறையில் உட்காரவைத்தார். நான் முதலில் சோளிங்கருக்குப் போட்டேன்.

“ஹலோ” என்றது என் குரல். கொஞ்சம் கரகரத்திருந்தது. நான் யார் என்று சொன்னேன். 

“அப்போ நான்தானா ஒத்திகை?”

“ஆமா.”

“சனியன். இப்பதான் இட்லிக்கு ஊற வெச்சேன்” என்றாள்.

அப்புறம் கொட்டித் தீர்த்தாள். குரங்கு, உப்புத் தண்ணீர், பேச ஆளில்லாத மத்தியானங்கள். அவள் சொல்லச் சொல்ல எனக்கு அவளோடு சேர்ந்து திட்ட வேண்டும் போலிருந்தது. பரணி எங்கே என்று கேட்டேன். “ட்ரெயின்ல” என்றாள்.

வந்தவாசிக்காரி நான் பேச ஆரம்பித்ததுமே புரிந்துகொண்டாள். மற்ற இருவரில் யாரிடம் பேசினாய், அவள் என்ன சொன்னாள் என்று கேட்டாள். சோளிங்கர்க்காரி திட்டினாள் என்றேன். “திட்டட்டும். அவளுக்காவது தெம்பிருக்கே” என்றாள். அவளுடைய பரணியும் ட்ரெயினில்தான் இருந்தான். வேறு எங்கே இருப்பான் என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

உத்திரமேரூர்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அவள் கோபப்படவே இல்லை. ஒத்திகை என்றதும் “அப்படியா, சரி” என்றாள். ரொம்ப நல்ல ஊர், தண்ணீர் தேன் மாதிரி இருக்கிறது, அக்கம்பக்கம் நல்ல ஜனங்கள், நானும் நல்லா இருக்கேன், தைரியமா வா என்றாள். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். காய்ச்சலில் படுத்திருக்கும்போது விடுதியிலிருந்து இதழ் கூப்பிட்டால் நான் எடுத்து மாட்டிக்கொள்கிற குரல் அது. என்னிடமே அதை மாட்டிக்கொண்டு பேசுகிறாள். என்ன துணிச்சல்.

வெளியே வந்தால் பரணி பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தான். மூன்று பரணிகளும் ஒரே மாதிரி சொன்னார்களாம். ரயில் நேரத்துக்கு வருகிறதாம், உட்கார இடம் கிடைக்கிறதாம். உத்திரமேரூர் பரணி நடைமேடையில் நின்றுகொண்டிருந்தானாம். நீ நிஜமில்லையப்பா, ஒத்திகை என்று இவன் தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்கிறான். அவன், “ட்ரெயின் வந்துடுச்சு, ஏறிட்டுப் பேசறேன்” என்றானாம். இதைச் சொல்லிவிட்டுப் பெருமையாகச் சிரித்தான்.

“என்னைப் பத்திக் கேட்டியா?” என்றேன்.

“கேட்காம இருப்பேனா? மூணு ஊர்லயும் நீ சந்தோஷமா இருக்கியாம்.”

“யாரு சொன்னா?”

“நான்தான் சொன்னேன். அதாவது, அவனுங்க.”

“அவனுங்களுக்கு எப்படித் தெரியும்?”

“கூடவே இருக்கறவனுக்குத் தெரியாதா முகை? இன்னொண்ணு கேளு. மூணு ஊர்லயும் நாம சண்டையே போடறதில்லையாம். வருஷக் கணக்கா.”

இதழ் விடுதிக்குப் போகும்போது சொன்னது நினைவுக்கு வந்தது. ஜோயல் வேறு, இப்படி ஒரு முடிவு வருவது அபூர்வம் மேடம், வாழ்த்துகள் என்றார். இரண்டு ஆண்களும் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலை யார் தலையில் போடுவது என்பதுதான் எனக்குக் குழப்பமாக இருந்தது.

இன்னொரு தடவை உத்திரமேரூரோடு பேச வேண்டும் என்றேன். பரணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். நிபந்தனையை மீறுகிறோம் என்று முனகினான். மூச்சு விடாமல் உட்கார் என்றேன். போனின் ஒலிபெருக்கியைத் திறந்துவிட்டேன்.

“மறுபடி என்ன?” என்றாள் அவள். இந்தத் தடவை குரலில் தேன் இல்லை.

“ஏன் பொய் சொன்னே?”

“ஊரைப் பத்திப் பொய் சொல்லலையே. ஊரு நல்ல ஊருதான்.”

“பரணியோட சண்டையே போடறதில்லையாமே நீ.”

பாத்திரத்தை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

“எப்ப போடறது? அவன் வரும்போது நான் பாதித் தூக்கத்துல இருப்பேன். விடியறதுக்குள்ள கிளம்பிடுவான். நடுவுல கிடைக்கறது அரை மணி நேரம். அதையும் சண்டையில போக்க மனசு வரல. சரி நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டேன். ஞாயித்துக்கிழமையாவது போடலாம்னு பாத்தா, பாவம், களைச்சுப் போய்க் கிடப்பான். அப்புறம் எதுக்குக் கோபப்பட்டேன்னே மறந்துபோச்சு. இப்பல்லாம் அவன் வீட்ல இருந்தா யாரோ விருந்தாளி வந்திருக்கற மாதிரி இருக்கு. நல்ல தட்டா எடுத்து வெக்கறேன்.”

பரணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அவன் ஈரத் துண்டைக் கட்டில்ல போடறானா?” என்றேன்.

“போடறான். நான் எடுத்துக் காயப் போட்டுடறேன். ஒண்ணும் சொல்றதில்ல.” சட்டென்று நிறுத்தினாள். “பக்கத்துல இருக்கானா?”

நான் பரணியைப் பார்த்தேன்.

“மூச்சு கேக்குது. அவன் மூச்சு எனக்குத் தெரியாதா?” அப்புறம் அவள் குரல் முழுசாக மாறிப்போய்விட்டது. “பரணி, இன்னிக்கு நேரத்தோட வந்துட்டியா?”

பரணி போன் பக்கம் குனிந்தான். “வந்துட்டேன்” என்றான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் அதைப் பார்த்தது அபூர்வம்.

“என் பரணி வர இன்னும் நேரமிருக்கு” என்றாள் அவள், தன்னைத்தானே திருத்திக்கொள்கிற மாதிரி. “நறுமுகை, எனக்கு ஒரு உதவி பண்ணு. எங்களை நிறுத்தறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி மட்டும் விடச் சொல்லு. அவன் வரட்டும். நாலு வருஷத்துச் சண்டை அப்படியே கிடக்கு.”

ஜோயலுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கதவு மெலிசு. திட்டுவார் என்று நினைத்தேன். எதையும் கேட்கவில்லை என்பதுபோல் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். ஒரு ராத்திரியை ஓடவிட இங்கே கொஞ்ச நேரம் ஆகும், இருக்கிறீர்களா என்று கேட்டார். திரையில் படமெல்லாம் கிடையாது. வீட்டுக்குள் பேச்சு நடக்கிறதா, எவ்வளவு சத்தமாக நடக்கிறது, யார் கதவைத் திறக்கிறார்கள், யார் ரயில் நிலையத்துக்குள் போகிறார்கள் என்பது மட்டும் கோடு கோடாக ஓடும். ஜோயல் அதைப் பார்த்து எங்களுக்குச் சொன்னார்.

“சார் வந்துட்டாரு. சாப்பிடறாங்க. பேச்சு ஆரம்பிச்சிருக்கு.” கொஞ்சம் முன்னால் குனிந்தார். “சத்தம் ஜாஸ்தியாகுது மேடம். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசறாங்க.”

“ம்” என்றேன்.

“பக்கத்து வீட்டுக்காரங்க வந்து கதவைத் தட்டறாங்க.” அவருக்கு என் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. எனக்கு ஏனோ பெருமையாக இருந்தது. “திரும்பிப் போயிட்டாங்க. இவங்க நிறுத்தற மாதிரி தெரியல. விடிஞ்சிடுச்சு, இன்னும் பேசிக்கிட்டுதான் இருக்காங்க.”

அப்புறம் அவர் திரையை மறுபடி மறுபடி பார்த்தார்.

“சார் ஸ்டேஷனுக்குப் போகல” என்றார். “நாலு வருஷத்துல ஒரு நாள்கூட அவர் லீவு போடல மேடம். ஒத்திகைன்னு தெரிஞ்ச பிறகும் போய் ஏறினவரு. இன்னிக்குப் போகல.”

இனி எந்த ஊர் என்று சொன்னால் மற்றதை நிறுத்திவிடலாம் என்றார் ஜோயல். “உத்திரமேரூர்” என்றோம் இருவரும். அந்த ஊர் எங்களுக்குத் தோதான ஊர் என்பதற்காக இல்லை. அந்த இரண்டு பேர் இன்னும் சண்டையை முடிக்கவில்லை, நடுவில் நிறுத்த எங்களுக்கு மனசு வரவில்லை. எத்தனையோ பேர் எத்தனையோ காரணத்துக்காக ஊர் மாறுகிறார்கள். இப்படி ஒரு காரணத்துக்காக மாறிய பைத்தியங்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

ஜோயல் விரலை இரண்டு தடவை அசைத்தார், அவ்வளவுதான். சோளிங்கர்க்காரி ஊற வைத்த இட்லி அரிசி நினைவுக்கு வந்தது. அவளிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை நான். வந்தவாசிக்காரியிடமும் இல்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் என்னால் சாப்பிட முடியவில்லை.

மழைக்கு முன்னால் உத்திரமேரூருக்குக் குடிவந்தோம். முதல் சில மாதம் பரணி ஆளே மாறிவிட்டான். வேலை முடிந்ததும் முதல் ரயிலைப் பிடித்து வருவான். வீட்டுக்குள் நுழையும்போதே, “இன்னிக்கு என்ன பிரச்சினை?” என்று கேட்டுக்கொண்டே வருவான். ஏரிக்கரையில் நடந்துகொண்டே சண்டை போடுவோம். எதிரில் வருகிறவர்கள் ஒதுங்கிப் போவார்கள். சந்தோஷமாக இருந்தது.

அப்புறம் ஆலையில் ஒரு குழாய் வெடித்தது. அதைச் சரிசெய்ய இந்த ஒரு மாதம் மட்டும் என்றான். அப்புறம் மேலதிகாரி ஓய்வு பெற்றார், புது ஆள் வரும் வரைக்கும் என்றான். புது ஆள் வந்தார், அவருக்குப் பழகும் வரைக்கும் என்றான். ஒவ்வொரு காரணமும் நியாயமான காரணம்தான், அதுதான் என்னை ஆத்திரப்படுத்தியது. சண்டை போட ஒரு பொய்யாவது சொல்லித் தொலைக்கலாம் அவன். நானும் சரி, சரி என்று சொல்ல ஆரம்பித்தேன். எப்போது ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஒரு நாள் காலையில் அவன் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் இதழ் போன் செய்தாள். ஊர் எப்படியம்மா இருக்கு என்று கேட்டாள். “ரொம்ப நல்ல ஊரு இதழ். தண்ணி தேன் மாதிரி இருக்கு. அக்கம்பக்கம் நல்ல ஜனங்க. நானும் நல்லா இருக்கேன்” என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அந்தக் குரல் என் காதில் விழுந்தது. படுக்கையறைக்குப் போனேன். கட்டில்மேல் ஈரத் துண்டு கிடந்தது. அதை எடுத்துக் காயப் போடப் போனவள், கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

துண்டைக் கீழே போட்டுவிட்டு அவளுக்குப் போன் செய்தேன். குடிவந்த பிறகு அவளைக் கூப்பிட்டதே இல்லை. சாக்கடை அடைப்பைப் பற்றிக் கேட்கிற முகம் எனக்கு இல்லை. இன்றைக்கு என்ன கேட்கப்போகிறேன் என்றும் தெரியாது.

“ஹலோ” என்றான் பரணி.

வேலை நாள், காலை நேரம். அவள் வீட்டில், அவள் போனை எடுத்துப் பரணி பேசுகிறான். உள்ளேயிருந்து அவள் கத்துவது கேட்டது. கட்டிலில் ஈரத் துண்டைப் போடக் கூடாது என்று எத்தனை ஜென்மமாகச் சொல்வது என்று கத்தினாள். அவன் பதிலுக்கு என்னவோ சொன்னான். அவள் இன்னும் சத்தமாகத் திட்டினாள். அவன் சிரித்தான்.

“அப்புறம் கூப்பிடறீங்களா? இங்க கொஞ்சம் தகராறு” என்றான் என்னிடம். நான் யாரென்று அவன் கேட்கவில்லை. நான் வைத்துவிட்டேன்.

எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நாங்கள் பார்த்துத் தெரிந்துகொள்வதற்காக வாழவைத்தவள் அவள். அவளும் அவனும் பாடத்தைப் படித்துக்கொண்டு நிம்மதியாகக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். நான் இங்கே நல்ல தட்டாக எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் பரணியைக் கூப்பிட்டேன்.

“எங்கே இருக்கே?”

“ட்ரெயின்லதான். ஏன், என்ன ஆச்சு?”

“அடுத்த ஸ்டேஷன்ல இறங்கு.”

“எதுக்கு?”

“சண்டை போடணும்.”

“சாயங்காலம் போடலாமே முகை. இன்னிக்கு அழுத்தச் சோதனை இருக்கு.”

“இறங்கு பரணி.”

ரயிலின் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் அது குறைந்தது. அடுத்து வரும் நிலையத்தின் பெயரை ஒரு பெண் குரல் சொன்னது. கதவு திறந்தது, ஆட்கள் நெருக்கிக்கொண்டு ஏறினார்கள், யாரோ யாரையோ வழிவிடச் சொன்னார்கள், கதவு மூடியது. ரயில் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. அது உள்ளேயிருந்து கேட்கிறதா வெளியேயிருந்து கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். சத்தம் தூரத்தில் போய் மறைந்தது. அப்புறம் காற்று. எங்கேயோ ஒரு காக்கை.

“இறங்கிட்டேன்” என்றான். “சொல்லு.”

சொல்வதற்கு மலையாகக் குவிந்து கிடந்தது. துண்டு, குழாய், புது அதிகாரி, அவன் அக்கா, நல்ல தட்டு. எதிலிருந்து எடுப்பது என்று தெரியாமல் ஒரு கணம் திணறினேன். அப்புறம் முதலிலிருந்தே ஆரம்பித்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

“எனக்கு எங்கே இருந்தாலும் ஒண்ணுதான்னு உனக்கு யாருடா சொன்னது?” என்றேன்.